நீளமான படகும் வலது தோள்வலியும்: முட்டுக்காடு உப்பங்கழியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய முட்டுக்காடு உப்பங்கழியில் ஞாயிறு காலைகளில் கயாக் (இருமுனைத் துடுப்பால் செலுத்தும் சிறு படகு) செலுத்தும் நால்வர் குழுவில் நிகழ்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நானும் அந்த நால்வரில் ஒருவன். படகுகளைப் பழுது பார்ப்பதும், புதிதாக வாங்குவோருக்கு ஆலோசனை சொல்வதும் என் பொறுப்பு. இந்த நிகழ்வில் தவறாகப் போன ஆலோசனையும் என்னுடையதே என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வழக்கமான தடம் பாலத்தருகே தொடங்கி, பக்கிங்காம் கால்வாயின் போக்கை ஒட்டித் தெற்கே ஒன்பது கிலோமீட்டர் சென்று, சிறிது ஓய்வுக்குப் பின் அதே வழியில் வடக்கே திரும்புவது. மூவரிடம் ஐந்து மீட்டரை ஒட்டிய கண்ணாடியிழைப் படகுகள் இருந்தன. நான்காமவர் நாற்பதுகளில் உள்ள பெண்மணி. எடை 52 கிலோ. நீச்சல் பழக்கமுள்ளவர், சோம்பல் அறியாதவர். அவரிடம் இருந்ததோ மேலே அமர்ந்து செலுத்தும் வகை பிளாஸ்டிக் படகு: நீளம் மூன்று மீட்டர், அகலம் 78 சென்டிமீட்டர்.

மற்றவர்கள் மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, அவரால் 4.8 கிலோமீட்டருக்கு மேல் நிலைத்துச் செல்ல முடியவில்லை. ஒன்பது கிலோமீட்டர் முடிவில் அந்த வேறுபாடு இருபது நிமிடங்களைத் தாண்டிவிடும். நாங்கள் கரையேறித் தேநீர் குடித்து முடித்த பிறகே அவருடைய படகின் அணியம் (முன்முனை) வளைவில் தெரியும். அவர் குறை சொன்னதில்லை. ஆனால் ஒருநாள், “நான் வர்றதுக்குள்ள உங்க ஓய்வு முடிஞ்சுடுது, நான் வந்ததும் கிளம்பிடறீங்க, எனக்கு ஓய்வே கிடைக்கறதில்ல” என்று சொன்னபோதுதான், பின்தங்குபவருக்குத் தொலைவு மட்டுமன்றி ஓய்வும் பறிபோகிறது என்பது எங்களுக்கு உறைத்தது.

முதல் முடிவும் அதன் காரணமும்

நீளமான படகு வேகமாகச் செல்லும் என்பது படகுக்காரர்களிடையே பரவலான எண்ணம். அது அடிப்படையற்றதும் அன்று. நகரும் படகு தன் அணியத்தில் ஓர் அலையை எழுப்புகிறது; வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் படகின் நீர்க்கோட்டு நீளத்துக்கு (நீர்மட்டத்தில் படகு நீரைத் தொடும் நீளத்துக்கு) சமமாகிவிடுகிறது. அதன் பிறகு படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற முயல்வதுபோல ஆகி, தடை செங்குத்தாக உயர்கிறது. மீட்டரில் அளந்த நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை நாலரையால் பெருக்கினால் இந்த வேகம் கிலோமீட்டரில் ஏறக்குறையக் கிடைக்கும். மூன்று மீட்டர் படகுக்கு இது 7.8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஐந்து மீட்டருக்குப் பத்து.

குழுவில் ஒருவர் ஒலிம்பிக் பந்தயப் படகையும் சான்றாகக் காட்டினார். ஒருவர் செலுத்தும் அந்தக் கயாக்கின் உச்ச நீளம் விதிப்படி 5.20 மீட்டர், குறைந்தபட்ச எடை 12 கிலோ. கட்டுபவர்கள் அனுமதித்த நீளம் முழுவதையும் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வாதத்தில் நாங்கள் கவனிக்கத் தவறிய ஒன்று இருந்தது. அந்தப் படகில் முன்னணி வீரர்கள் 1,000 மீட்டரை மூன்றரை நிமிடத்துக்குள் கடக்கிறார்கள்; அதாவது மணிக்குப் பதினேழு கிலோமீட்டருக்கு மேல். மேற்சொன்ன சூத்திரம் அதே நீளத்துக்குத் தரும் விடையோ பத்து கிலோமீட்டரை ஒட்டியது. மிக ஒடுங்கிய, மிக இலேசான உடலுக்கு அந்த எல்லை ஒரு சுவர் அன்று, மேடு மட்டுமே. நீளத்தைத் தனியே பிரித்தெடுத்து வேகத்துக்கு விலை பேசக் கூடாது என்பதை அந்த உதாரணமே சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் கேட்கவில்லை.

நான் 5.4 மீட்டர் நீளமும் 56 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, பழைய ஆனால் விரிசலற்ற ஒரு கடல் கயாக்கைப் பரிந்துரைத்தேன். எடை 26 கிலோ. பல நாள் பயணத்துக்கான கூடாரமும் தண்ணீரும் ஏற்றிச் செல்ல வடிவமைக்கப்பட்ட, மேல்தளம் உயர்ந்த படகு அது. விலை நியாயமாக இருந்தது. நான்காமவர் வாங்கினார்.

கவனித்தவை

முதல் ஞாயிறு நம்பிக்கை அளித்தது. காற்றில்லாத காலையில் தெற்கே செல்லும்போது அவருடைய சராசரி வேகம் 5.6 கிலோமீட்டரைத் தொட்டது. திரும்பும்போது நிலைமை தலைகீழானது. அன்று கடற்காற்று வழக்கத்தைவிட முன்னதாக, ஒன்பதரை மணிக்கே எழுந்துவிட்டது. வடக்கு நோக்கி வரும் படகுக்குக் கிழக்குக் காற்று வலப்பக்கத்தில் அடிக்கும். அவருடைய வேகம் 4.4 ஆகக் குறைந்தது. பழைய குட்டைப் படகில் அதே காற்றில் 4.5 வரை வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு அரை மணி நேரம் பின்னால் வந்து சேர்ந்தார். கரையில் படகை விட்டு எழ முடியாமல், வலது தோளை இடது கையால் பிடித்தபடி சற்று நேரம் காக்பிட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மூன்று ஞாயிறுகளிலும் இதே கதை. பழக்கமின்மை என்று நான் சமாதானம் சொன்னேன். ஒடுங்கிய படகுக்கு உடல் பழக ஒரு மாதம் ஆகும் என்றேன். அது பாதி உண்மை. வலி வலது தோளில் மட்டும், அதுவும் திரும்பும் பாதியில் மட்டும் வந்ததற்கு அந்தச் சமாதானத்தில் விளக்கம் இல்லை.

விளக்கத்தின் முதல் நுனி, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கோவளத்து மீனவப் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. நான்காமவர் காற்றோடு மல்லுக்கட்டி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவர் கரையேறியதும், “பாரம் பத்தலம்மா. படகு தண்ணிய பிடிக்கல, காத்தப் பிடிக்குது” என்றார். வேறு விளக்கம் எதுவும் தரவில்லை, வலைக்குத் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு நான்காமவர் செலுத்துவதைப் பின்னாலிருந்து காணொளி எடுத்து, துடுப்படிகளை எண்ணினோம். பக்கக்காற்றில் நூறு அடிகளுக்கு ஏறக்குறைய முப்பது அடிகள், படகை முன்னே செலுத்துவதற்கல்ல, திசையைத் திருத்துவதற்காகவே வலப்பக்கத்தில் அகல வீசப்பட்டவை. ஓடும் கயாக்கின் அணியம் கலங்காத நீரை அழுத்தியபடி செல்வதால் அங்கே பிடிப்பு அதிகம். பின்முனை கலங்கிய நீரில் இருப்பதால் எளிதில் நழுவும். பக்கக்காற்று பின்முனையைத் தள்ள, அணியம் காற்றை நோக்கித் திரும்புகிறது. எல்லாக் கயாக்குகளிலும் ஓரளவு உள்ள குணம் இது. 130 கிலோவுக்கு மேல் சுமந்து மிதக்க வேண்டிய உடல், படகும் ஆளும் சேர்ந்து 78 கிலோவோடு மிதந்தபோது இரு முனைகளும் நீரை விட்டு எழும்பி நின்றன. நீருக்கு மேலுள்ள பக்கச்சுவர் பாய்போல நின்று காற்றை வாங்கியது. விலைச்சீட்டில் 5.4 மீட்டர் என்றிருந்த படகின் நீர்க்கோடு, அவர் அமர்ந்த நிலையில் அளந்தபோது ஐந்து மீட்டருக்கும் குறைவாகவே இருந்தது.

இழுவைச் சோதனை

ஊகங்களை நிறுத்தி, படகின் தடையை நேரடியாக அளக்க முடிவு செய்தோம். இதற்கு முன்னோடி உண்டு. படகுத் தடையை உராய்வு, அலை என இரண்டாகப் பிரித்துக் காட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட், 1871-இல் கிரேஹவுண்ட் என்ற முழு அளவுப் போர்க்கப்பலையே மற்றொரு கப்பலால் இழுத்து, அந்த இழுவிசையை அளந்தார். முன்செல்லும் கப்பலின் கலங்கிய நீர் பின்வருவதைப் பாதிக்காதிருக்க, பக்கவாட்டில் நீட்டிய கழியிலிருந்து கயிறு கட்டினார். நாங்களும் வாடகைக்கு எடுத்த மோட்டார் படகின் பக்கவாட்டில் ஒரு மூங்கிலை நீட்டிக் கட்டி, அதன் நுனியில் விமானப் பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசை மாட்டி, இருபது மீட்டர் கயிற்றில் கயாக்கை இழுத்தோம். நான்காமவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் அமர்ந்திருந்தார். ஒவ்வோர் ஓட்டமும் இரு திசைகளிலும் செய்யப்பட்டு சராசரி எடுக்கப்பட்டது.

முதல் நாளின் அளவுகள் அனைத்தையும் தூக்கி எறிய நேர்ந்தது. முகத்துவார மணல்திட்டுக்கு அருகே, துடுப்பை நிமிர்த்தி இறக்கினால் அதன் தட்டையான அலகு மூழ்குவதற்குள் தரை தட்டும் ஆழத்தில் இழுத்திருக்கிறோம். அரை மீட்டர் ஆழ நீரில் அலை செல்லக்கூடிய வேகமே மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான். படகு அதை நெருங்கும்போது பின்முனை தாழ்ந்து, பின்னால் ஒரு நீர்மேடு ஒட்டிக்கொண்டு வருகிறது. இழுத்த படகுகள் எல்லாம் ஒன்றுபோலத் திணறின. இடுப்பளவு நீரில் இறால் தடவிக்கொண்டிருந்தவர்கள் மீதும் எங்கள் அலை அடித்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, மறுவாரம் ஆழமான இடத்துக்கு மாறினோம்.

ஆழ நீரில் கிடைத்த விடை நான் எதிர்பாராதது. ஒப்பிடுவதற்காக நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிய மூன்றாவது படகும் அன்று இருந்தது: நீளம் 4.7 மீட்டர், அகலம் 53 சென்டிமீட்டர், எடை 20 கிலோ, மேல்தளம் தாழ்ந்தது. மணிக்கு 5.5 கிலோமீட்டரில் பழைய பிளாஸ்டிக் படகை இழுக்க ஏறக்குறைய 1.3 கிலோ விசை தேவைப்பட்டது. 5.4 மீட்டர் படகுக்கும் 4.7 மீட்டர் படகுக்கும் 0.9 கிலோவைச் சுற்றியே தராசு ஆடியது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு உண்டு என்று மனச்சாட்சியோடு சொல்ல இயலவில்லை. வேகத்தை எட்டு கிலோமீட்டராக உயர்த்தியபோதுதான் நீளத்தின் பலன் தெரிந்தது: நீண்ட படகு 2.3 கிலோ, நடுத்தரப் படகு 2.7 கிலோ. பிளாஸ்டிக் படகோ நான்கு கிலோவைத் தாண்டி, பின்முனை அமிழத் தொடங்கியதால் நிறுத்திவிட்டோம்.

இதன் காரணம் தெளிவானது. குறைந்த வேகத்தில் கயாக்கின் தடையில் பெரும்பங்கு நீரோடு உரசுவதால் வருவது. அது நனையும் பரப்பைப் பொறுத்தது. நீளம் கூடினால் அலைத் தடை குறைகிறது, ஆனால் நனையும் பரப்பு கூடுகிறது. அவர் செல்லும் வேகத்தில் வரவும் செலவும் சமமாகிவிட்டன. எட்டு கிலோமீட்டரில் அலைத் தடை ஓங்குவதால் நீளம் வெல்கிறது. ஆனால் அந்த வேகத்துக்கு அவர் போவதே இல்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. கணக்குப் பார்த்தால் 5.5 கிலோமீட்டரில் நீண்ட படகுக்கு நீர் கேட்பது ஏறக்குறைய 13 வாட். எட்டு கிலோமீட்டரில் 50 வாட். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, திறனோ ஏறக்குறைய நான்கு மடங்கு.

ஆக, பிளாஸ்டிக் படகை விட்டது சரி; 5.4 மீட்டருக்குத் தாவியதில் அவருக்கு 4.7 மீட்டரைவிட எந்த இலாபமும் இல்லை. காற்றில் அவர் இழந்தது அடிவடிவத்தின் நீர்த்தடையால் அல்ல என்பதும் உறுதியானது.

படிப்படியாகச் செய்த மாற்றங்கள்

உடனே படகை மாற்றிவிடலாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்பது தெரியாமலே போகும் என்பதால், வாரத்துக்கு ஒன்று என்று முடிவு செய்தோம்.

முதல் வாரம், பத்து லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டைப் பின்பெட்டியில் வைத்துக் கட்டினோம். பின்முனை தாழ்ந்து நீரைப் பிடித்ததால் காற்றை நோக்கித் திரும்பும் போக்கு கண்கூடாகக் குறைந்தது. பெரியவர் சொன்னது சரி. ஆனால் ஒவ்வொரு முறையும் இருபது கிலோவைச் சுமந்து வந்து ஏற்றி இறக்குவதை யாரும் ஆண்டுக்கணக்கில் செய்யப் போவதில்லை.

இரண்டாம் வாரம் ஸ்கெக்கைப் பார்த்தோம். பின்முனையின் அடியில் உள்ள பிளவிலிருந்து இறக்கும் சிறு துடுப்புத்தகடு அது. பக்கக்காற்றில் பின்முனை நழுவாமல் பிடித்துக்கொள்வதே அதன் வேலை. இந்தப் படகில் நெம்புகோலை நகர்த்தினால் கம்பி வளைந்ததே தவிர தகடு இறங்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தால் பிளவுக்குள் இரண்டு சிப்பித் துண்டுகளும் இறுகிய மணலும். முந்தைய உரிமையாளர் காலத்திலிருந்தே அடைத்திருக்க வேண்டும். வாங்கும் நாளில் நான் நீளத்தையும் விரிசலையும் பார்த்தேன். நெம்புகோலை ஒருமுறை தள்ளிப் பார்க்கவில்லை. பத்து நொடி வேலை அது. சுத்தம் செய்து கம்பியை மாற்றியதும், கேன்கள் இல்லாமலே, திருத்தத் துடுப்படிகள் நூறுக்குப் பன்னிரண்டு அளவுக்கு இறங்கின.

மூன்றாம் வாரம் துடுப்பு. அகலமான பிளாஸ்டிக் படகுக்கென வாங்கிய 240 சென்டிமீட்டர் துடுப்பையே அவர் தொடர்ந்து பயன்படுத்திவந்தார். நீண்ட துடுப்பின் அலகு படகை விட்டு விலகி நீரில் விழுவதால், ஒவ்வோர் அடியும் படகை முன்னே தள்ளுவதோடு பக்கவாட்டிலும் திருப்புகிறது. 215 சென்டிமீட்டருக்கு மாற்றியபின் தோள்வலி பாதியாகக் குறைந்ததாக அவர் சொன்னார். பக்கக்காற்றில் திரும்பும் வேகம் 5.1 கிலோமீட்டர் ஆனது.

இங்கேயே நின்றிருக்கலாம். நிற்காததற்கு இரு காரணங்கள். உயர்ந்த மேல்தளத்துக்கு மேலாகத் துடுப்பைக் கொண்டுசெல்ல அவர் முழங்கைகளை மார்பளவுக்கு உயர்த்திக்கொண்டே இருந்தார். அகன்ற காக்பிட்டில் இடுப்பு வழுக்கியதால் உடலைத் திருகிச் செலுத்தும் விசை படகுக்கு முழுதாகச் சேராமல் கைகளிலேயே விழுந்தது. பஞ்சுப் பட்டைகள் வைத்தும் அது தீரவில்லை. இரண்டாவது, 26 கிலோவைக் காரின் மேல் தனியாக ஏற்ற அவரால் முடியவில்லை என்பதால், எங்களில் ஒருவர் வராத நாளில் அவரும் வரமாட்டார்.

கிரீன்லாந்தின் இன்யூட் மக்கள் கயாக்கைக் கட்டும்போது செலுத்துபவரின் உடலையே அளவுகோலாகக் கொண்டார்கள்: நீளத்துக்கு விரித்த கைகளின் அளவு மூன்று முறை, அகலத்துக்கு இடுப்போடு இரு கைமுட்டிகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் மரபு. நான்காமவரின் விரித்த கைகள் 156 சென்டிமீட்டர். மூன்றால் பெருக்கினால் 4.68 மீட்டர். இரவல் படகின் நீளத்தோடு அது பொருந்தியது தற்செயலே. ஆனால் அவர் அதில் அமர்ந்தபோது இடுப்பும் முழங்கால்களும் படகைத் தொட்டன, முழங்கைகள் தாழ்ந்தன. அதே வடிவப் படகு ஒன்றை ஏழு வாரத் தேடலுக்குப் பின் வாங்கினார்.

விளைவு

புதிய படகும் குட்டையான துடுப்பும் சேர்ந்து, காற்றில்லாத நேரத்தில் அவருடைய வேகம் 5.7 கிலோமீட்டர்; நீண்ட படகோடு ஒப்பிட்டால் இது சொல்லிக்கொள்ளும்படியான முன்னேற்றம் அன்று. வேறுபாடு திரும்பும் பாதியில் இருக்கிறது: பக்கக்காற்றில் 5.4. இரு பாதிகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஒன்பது கிலோமீட்டருக்கு எங்களைவிட ஏழு நிமிடமே பின்தங்குகிறார். அவர் வந்த பிறகும் தேநீர் மிஞ்சுகிறது. தோள்வலி ஆறு வாரங்களாக இல்லை. குறுகிய ஓட்டப்போட்டி வைத்தால் இன்றும் அவர்தான் கடைசி. அதில் நீளமும் எடையும் கூடிய மற்ற மூவருக்கே சாதகம். எதிர்க்காற்றை இன்னும் முறையாக அளக்கவில்லை.

5.4 மீட்டர் படகு வீணாகவில்லை. 88 கிலோ எடையுள்ள எங்கள் குழு உறுப்பினர் ஒருவர் அதை வாங்கி, இரண்டு நாள் பயணத்துக்குரிய சுமையோடு செலுத்துகிறார். அவர் அமர்ந்ததும் நீர்க்கோடு முனைகள் வரை நீள்கிறது. காற்றில் நேராகச் செல்கிறது.

என்ன மாற்றுவோம்

பத்து நிமிட வெள்ளோட்டத்தை வைத்து இனி எந்தப் படகையும் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில்லாத பத்து நிமிடத்தில் நீண்ட படகு யாருக்கும் வேகமாகவே தோன்றும். குறைந்தது ஒரு மணி நேரம், அதில் பாதியாவது பக்கக்காற்றில், வாங்குபவரின் சொந்தத் துடுப்போடு செலுத்திப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிடும் சுமை வரம்பின் மேல் எல்லையை மட்டுமே எல்லோரும் பார்க்கிறோம். கீழ் எல்லையைக் கேட்டிருந்தால் இந்த நிகழ்வே இருந்திருக்காது. ஸ்கெக்கையும் சுக்கானையும் நீரில் இறக்கும் முன் இயக்கிப் பார்ப்பது இப்போது எங்கள் வழக்கமாகிவிட்டது. முட்டுக்காட்டு மணல் யாரையும் விட்டுவைப்பதில்லை.

வரிசையையும் மாற்றியிருப்பேன். செலவில்லாத ஸ்கெக், அடுத்து துடுப்பு, கடைசியில் படகு என்று தொடங்கியிருந்தால், முதல் படகு வாங்கிய பணம் மிஞ்சாவிட்டாலும் ஒரு மாத வலியாவது தவிர்ந்திருக்கும். மணல்திட்டருகே ஆழம் குறைந்த நீரில் எந்த அடிவடிவம் குறைவாகத் திணறுகிறது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. துடுப்புத் தண்டில் ஆழம் பார்க்கக் கறுப்பு டேப்பால் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கோடுகள் ஒட்டிவைத்திருக்கிறோம். இறால் தடவுபவர்கள் வராத ஒரு நாளாகப் பார்த்து மறுபடி இழுக்க வேண்டும்.